லாசாவுக்கு நடந்து சென்ற பெண்

கடவுச்சீட்டு என்னும் அச்சிறு புத்தகத்தின் பெறுமதியை ஏதிலிகளாய் வாழும் எம்மவரைவிட நன்கு அறிந்தவர் வேறெவர்? அதனைப் பெறுவதற்காகக் காத்திருந்தோர், இழந்து தவித்தோர், பிறர் பெயரில் சுமந்து எல்லை கடந்தோர் என எமது குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு கதை உண்டு. ஆகவே, பிரான்சின் தென்கிழக்கே உள்ள டீஞ் என்னும் மலைநகரில் வாழ்ந்த ஒரு மூதாட்டியைப் பற்றிய செய்தி எமக்கு வியப்பளிக்கும். நூறு வயதை எட்டிய வேளையில், மூட்டு நோயினால் நடக்கவும் இயலாதிருந்த அப்பெண்மணி, தமது கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தருமாறு அரச அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். மீண்டும் ஒருமுறை புறப்படும் எண்ணம் அவருக்கு இருந்தது.

அவர் பெயர் அலெக்சாந்திரா டாவிட்-நேல். அந்நியர் எவரும் நுழையலாகாது எனத் தடுக்கப்பட்டிருந்த திபெத்தின் தலைநகர் லாசாவினுள் 1924ஆம் ஆண்டு பிச்சைக்காரியின் கோலத்தில் நடந்து சென்று புகுந்த முதல் மேலைநாட்டுப் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

அகதியின் மகள்

அலெக்சாந்திரா 1868ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் பாரிசை அடுத்த சேன்-மாந்தே என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய தந்தை லூயி டாவிட் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் விளங்கியவர். குடியாட்சிக் கொள்கையில் உறுதி பூண்டவர். 1851ஆம் ஆண்டு டிசெம்பரில் லூயி நெப்போலியன் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அதனை எதிர்த்த பலருடன் லூயி டாவிட்டும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் பெல்ஜியத்தில் அடைக்கலம் புகுந்தார். பெருங்கவிஞர் விக்டர் யூகோவும் அக்காலத்தில் நாடு கடந்து வாழ்ந்தவரே. அந்தப் பெல்ஜிய மண்ணிலேயே லூயி டாவிட் திருமணம் செய்துகொண்டார். ஆக, நாம் பேசும் இப்பெண் ஓர் அரசியல் அகதியின் மகள். இதனை நமது வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

தந்தைக்கும் தாய்க்கும் இடையே ஒற்றுமை குறைவு. தந்தை புரட்டஸ்தாந்து மரபினர். தாய் தீவிர கத்தோலிக்கர். ஆண் மகவு பிறந்து ஆயராக வேண்டுமென்பது தாயின் விருப்பம். பிறந்ததோ பெண். குளிர்ந்து கிடந்த அந்த வீட்டிலிருந்து சிறுமி அடிக்கடி ஓடிப்போனாள். ஐந்து வயதில் வான்சேன் பூங்காவினுள் தனியே காணாமற் போனாள். குடும்பம் பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்த பின்னர், பதினைந்து வயதில் ஒல்லாந்தை நோக்கிப் புறப்பட்டாள். பதினேழு வயதளவில் எவரிடமும் சொல்லாமல் புகையிரதமேறிச் சுவிற்சர்லாந்து சென்று, அங்கிருந்து சென் கொதார் கணவாயைக் கால்நடையாகக் கடந்து இத்தாலியை அடைந்தாள். அவளது பையில் இருந்தது கிரேக்க ஞானி எபிக்டெற்றசின் நூல். தாய் சென்று அழைத்துவர வேண்டியதாயிற்று.

மேடையும் மணவாழ்வும்

வளர்ந்தபின் அலெக்சாந்திரா இரு பாதைகளில் நடந்தார். ஒன்று கல்வி. பாரிசில் உள்ள கிமே அருங்காட்சியகத்தின் கீழைத்தேயச் சிலைகளும் அதன் நூலகமும் அவரைப் பௌத்தத்தின்பால் ஈர்த்தன. வடமொழியையும் பௌத்த நூல்களையும் கற்கத் தலைப்பட்டார். ஞானத்தாய் விட்டுச் சென்ற சிறு செல்வம் கைக்கு வந்ததும், அதனை நிலத்திலோ வங்கியிலோ இடாமல், 1891ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறினார். பணம் தீர்ந்ததும் திரும்பினார்.

மற்றையது பிழைப்பு. பிரசெல்ஸ் இசைக்கல்லூரியிற் பயின்ற குரல் அவருக்குச் சோறு போட்டது. அலெக்சாந்திரா மிரியால் என்னும் மேடைப்பெயருடன் 1895 முதல் 1897 வரை வியட்நாமின் ஹனோய் இசை நாடக அரங்கில் முதன்மைப் பாடகியாக விளங்கினார். பின்னர் கிரேக்கத்திலும் தூனிசிலும் பாடினார். இதே காலத்தில் 1898ஆம் ஆண்டில் தனிமனித சுதந்திரம் பற்றி அவர் எழுதிய சிறு நூலுக்குப் புகழ்பெற்ற புவியியலாளரும் அராஜகவாதச் சிந்தனையாளருமான எலிசே ரெக்லூ முன்னுரை வழங்கினார். பெண்கள் பிறர் பணத்தில் தங்கியிருக்கும்வரை விடுதலை பற்றிப் பேசுவது வெறும் பேச்சே என்பது அவரது கருத்து.

தூனிசில் புகையிரதப் பொறியியலாளர் பிலிப் நேலைச் சந்தித்தார். 1904ஆம் ஆண்டு ஓகஸ்டில் அவர்களது திருமணம் நிகழ்ந்தது. ஆயினும் இல்லத்தரசி என்னும் பாத்திரம் அவருக்குப் பொருந்தவில்லை. மனம் வாடி உடல் நலிந்தார். அக்காலப் பிரெஞ்சுச் சட்டத்தில் மணமான பெண் கணவனின் அதிகாரத்துக்கு உட்பட்டவள். அந்நிலை 1938ஆம் ஆண்டுவரை நீடித்தது. வாக்குரிமையோ 1944ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுப் பெண்களுக்குக் கிட்டியது. அத்தகைய காலத்தில், 1911ஆம் ஆண்டு ஓகஸ்டில், தமது நாற்பத்திரண்டாவது வயதில், ஒன்றரை ஆண்டில் திரும்புவதாகக் கணவரிடம் கூறி அலெக்சாந்திரா கப்பலேறினார். அவர் திரும்பி வந்தது 1925ஆம் ஆண்டில். ஒன்றரை ஆண்டு என்றது ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளாயிற்று.

இடையில் பிலிப் நேல் அவருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். அலெக்சாந்திராவும் இடைவிடாது கடிதம் எழுதினார். அக்கடிதங்களே இன்று அவரது பயணங்களுக்குச் சிறந்த சான்று. மனைவி மீளாள் என்பதை நாளடைவில் உணர்ந்தும் உதவியை நிறுத்தாத அக்கணவரை விட்டுவிட்டு இவ்வரலாற்றை எழுதுவது நியாயமாகாது.

கொழும்பு, மதுரை, புதுச்சேரி

1911ஆம் ஆண்டுப் பயணத்தில் அவர் முதலில் இறங்கியது இலங்கையில். அங்கிருந்து தமிழகம் சென்று மதுரையின் பெருங்கோயிலைக் கண்டார். பின்னர் புதுச்சேரி சென்று, பிரித்தானிய ஆட்சிக்குத் தப்பி அங்கு தங்கியிருந்த அரவிந்தரைச் சந்தித்து உரையாடினார். பிரித்தானியப் பொலிசாரால் கண்காணிக்கப்பட்டவர் அரவிந்தர். எனவே அவரைக் காண வந்த இந்த வெளிநாட்டுப் பெண் யார் என அறிய அவர்கள் முனைந்தனர். சென்னை வந்து சேர்ந்த அலெக்சாந்திராவை இரகசியப் பொலிஸ் அதிகாரி விசாரித்தார். அதன்பின் அவர் அடையாறு பிரம்மஞான சபையிற் சில காலம் தங்கிவிட்டு வடக்கே சென்றார். அரசுகளின் கண் தம்மீது விழுவது அவருக்கு இதுவே தொடக்கமாயிற்று.

இமயத்தின் குகை

1912ஆம் ஆண்டு ஏப்ரலில் கலிம்பொங் நகரில் பதின்மூன்றாவது தலாய் லாமாவை அவர் கண்டார். சீனப் படைகள் 1910ஆம் ஆண்டு லாசாவினுள் நுழைந்ததனால் தலாய் லாமா நாட்டைவிட்டு வந்து பிரித்தானிய இந்தியாவில் தஞ்சமடைந்திருந்த காலம் அது. ஐரோப்பியப் பெண்ணொருத்தி பௌத்த தத்துவத்தைக் கற்று வந்திருப்பதைக் கண்டு வியந்த அவர், திபெத்திய மொழியைக் கற்குமாறு அறிவுரை கூறினார். அலெக்சாந்திரா அவ்வறிவுரையைத் தலைமேற் கொண்டார்.

சிக்கிம் நாட்டின் இளவரசர் சிட்கியொங் அவருக்கு நண்பரானார். லாச்சென் என்னும் மலைக்கிராமத்துக்கு மேலே வாழ்ந்த துறவி ஒருவரை ஆசானாகக் கொண்டு, ஏறத்தாழ நாலாயிரம் மீற்றர் உயரத்தில், குகையொன்றை ஒட்டி அமைத்த குடிலில் அவர் தங்கினார். பனிக்காலத்தில் மாதக்கணக்காக வெளியுலகத் தொடர்பு அற்றுப் போகும். அங்கே மொழியையும் தியானத்தையும் கற்றார். கடுங்குளிரில் உடற்சூட்டை எழுப்பும் 'துமோ' என்னும் திபெத்திய யோகப் பயிற்சியையும் பழகினார். 1914ஆம் ஆண்டில் யொங்டென் என்னும் பதினைந்து வயதுச் சிக்கிமியச் சிறுவன் அவரிடம் பணியாளனாக வந்து சேர்ந்தான். வாழ்நாள் முழுதும் பிரியாத துணை அன்று அமைந்தது.

1916ஆம் ஆண்டு, அனுமதியின்றி எல்லையைக் கடந்து சிகாட்சே நகருக்குச் சென்று பஞ்சன் லாமாவைச் சந்தித்தார். பஞ்சன் லாமாவும் அவர் தாயாரும் அவரை அன்புடன் வரவேற்றனர். திரும்பியபோது காத்திருந்தது நாடு கடத்தும் ஆணை. சிக்கிமில் பிரித்தானிய அரசியல் அதிகாரியாயிருந்த சார்ள்ஸ் பெல் அவரை வெளியேற்றினார். அத்துடன் அமையாது, அவரது பயணத்தைத் தெரிவிக்கத் தவறிய குற்றத்துக்காக லாச்சென் கிராம மக்கள்மீதும் தண்டம் விதிக்கப்பட்டது. ஒருவரின் துணிவுக்கு ஏழை மக்கள் விலை செலுத்த நேர்ந்தது. வீரக்கதைகளில் இத்தகைய வரிகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. நாம் அவற்றை விட்டுவிடலாகாது.

வெளியேற்றப்பட்டவர் ஐரோப்பா திரும்பவில்லை. யப்பான், கொரியா, சீனா எனச் சுற்றி, 1918 முதல் 1921 வரை சீன-திபெத்திய எல்லைப் பகுதியிலுள்ள கும்பும் மடத்தில் தங்கி நூல்களை மொழிபெயர்த்தார். தடுத்தவர்களுக்கு விடையாக லாசாவையே அடைவது என்னும் உறுதி அங்கே முற்றியது. 1892ஆம் ஆண்டில் ஆனி ரெய்லர் என்னும் ஆங்கிலப் பெண்மணி புறப்பட்டு, லாசாவிலிருந்து சில நாட் பயணத் தூரத்தில் தடுத்துத் திருப்பப்பட்டார். அலெக்சாந்திராவும் திபெத்தினுள் நுழைந்து திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் உடையவர். பெரும் பொதிகளும் குதிரைகளுமே தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதை அவர் கண்டுகொண்டார். ஏழையாகச் செல்பவரை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை.

பிச்சைக்காரியின் கோலம்

1923ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், யுன்னான் மாகாணத்து மேக்கொங் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு கத்தோலிக்க மிசனிலிருந்து, மூலிகை சேகரிக்கச் செல்வதாகக் கூறி இருவரும் புறப்பட்டனர். சுமைகாரரை ஏதோ காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினர். அதன்பின் யொங்டென் யாத்திரை செல்லும் லாமா. அலெக்சாந்திரா அவன் வயது முதிர்ந்த தாய். தலைமயிருக்குச் சீன மை பூசி, கவரிமான் மயிராற் செய்த கருஞ்சடைகளைச் சேர்த்துப் பின்னினார். முகத்துக்குக் கரித்தூளும் கொக்கோத் தூளும். கந்தல் உடையின் அடியில் சிறு திசைகாட்டி, கைத்துப்பாக்கி, வெள்ளிப்பணம். வெளியே தெரிந்தது ஒரு பானையும் இரு மரக்கிண்ணங்களும் சத்துமாவும் தேயிலையும் மட்டுமே.

தொடக்கத்தில் பகலில் ஒளிந்திருந்து இரவில் நடந்தனர். கைகளைக் கழுவினால் மை கரைந்துவிடும். வாய் திறந்தால் உச்சரிப்புக் காட்டிக்கொடுத்துவிடும். பிச்சையெடுத்த வீடுகளில் மகன் சோதிடம் சொல்லி உணவு பெற, தாய் மூலையில் அமர்ந்து செபமாலை உருட்டினார். கிழவியைப் பொருட்படுத்தாமல் மக்கள் தம் வீட்டுப் பேச்சையெல்லாம் பேசினர். அதிகாரிகளும் அறிஞர்களும் ஒருபோதும் காணாத சாதாரணத் திபெத்தியரின் அடுப்படியை அவர் கண்டது அவ்வாறே.

பனியால் மூடுண்ட மலைகளில் யொங்டெனின் கால் சுளுக்கியது. நத்தார் காலத்தில் உணவு தீர்ந்தபோது, சப்பாத்துத் தைப்பதற்காக வைத்திருந்த தோற்றுண்டுகளைக் கொதிக்கவைத்து அந்நீரைக் குடித்தனர். சக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் நனைந்து நெருப்பு மூட்ட இயலாத இரவொன்றில், குகையிற் கற்ற துமோப் பயிற்சியால் உடலைச் சூடாக்கி அவற்றை உலர்த்தியதாக அவர் எழுதியுள்ளார். வழிப்பறிக்காரர் யொங்டெனிடமிருந்து இரண்டு நாணயங்களைப் பறித்துப் பொதியையும் சோதிக்க முற்பட்டபோது, அலெக்சாந்திரா தலைவிரித்து அழுது, திபெத்தியரின் கொடுந்தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்துச் சபிக்கத் தொடங்கினார். இசைநாடக மேடையிற் பழகிய குரல் மலைகளில் எதிரொலித்தது. அஞ்சிய கள்வர் நாணயங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அகன்றனர்.

நகரினுள் இரு மாதங்கள்

நான்கு மாத நடைக்குப்பின், 1924ஆம் ஆண்டு பெப்ரவரியில் பொட்டாலா அரண்மனையின் பொற்கூரைகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவ்வேளை எழுந்த புழுதிப்புயல் அவர்களைப் பிறர் கண்ணிலிருந்து மறைத்தது. நகரின் வாயிலில் முன்பின் அறியாத இளம்பெண்ணொருத்தி வந்து, ஏழை யாத்திரிகர் தங்கும் விடுதியில் ஓர் அறையைக் காட்டினாள். திபெத்தியப் புத்தாண்டுப் பெருவிழாக் காலம் அது. கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் இரு மாதங்கள் அந்நகரில் வாழ்ந்தனர். சந்தையிற் பொலிஸ்காரன் ஒருவன் தடியால் அடித்தபோது, தமது வேடம் அவ்வளவு பொருந்திவிட்டதே என அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

பொட்டாலாவினுள் நுழையும் வாயிலில் பெரும் சோதனை வந்தது. அங்கிருந்த இளம் துறவி, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுமாறு கட்டளையிட்டான். தலைமயிரில் பூசிய மை தேய்ந்து இயற்கை நிறம் வெளிப்பட்டிருக்க, ஒட்டுச்சடைகள் மட்டும் கருமையாய்த் தொங்கின. பார்த்தவர் நகைத்தனரேயன்றி, அவர் அந்நியர் என எவரும் ஐயுறவில்லை.

பிடிபடாமலே லாசாவை விட்டு வெளியேறி, கியாஞ்சே நகரிலிருந்த பிரித்தானிய வர்த்தக முகவர் டேவிட் மக்டொனால்ட் முன் சென்று தாம் யார் என்பதை அவரே அறிவித்தார். 1925ஆம் ஆண்டு பிரான்ஸ் திரும்பியபோது புகழ் காத்திருந்தது. 1927ஆம் ஆண்டில் அவரது லாசாப் பயணநூல் வெளிவந்தது. மறு ஆண்டு பிரெஞ்சு அரசின் உயர் விருது கிடைத்தது. நூல் விற்ற பணத்தில் டீஞ் நகரில் வீடு வாங்கி அதற்குச் 'சம்டென் சொங்' எனப் பெயரிட்டார். தியானக் கோட்டை என்பது அதன் பொருள்.

ஓய்வு அவருக்கு நெடுநாள் பிடிக்கவில்லை. 1937ஆம் ஆண்டு, அறுபத்தெட்டு வயதில், சைபீரியப் புகையிரதமேறி மீண்டும் சீனா சென்றார். யப்பானியப் படையெடுப்பு மூண்டது. போரினால் விரட்டப்பட்டு, சீன-திபெத்திய எல்லை நகரான தாட்சியென்லுவில் ஆண்டுக்கணக்காக முடங்க நேர்ந்தது. 1941இல் கணவர் இறந்த செய்தி அங்கேயே அவரை எட்டியது. இம்முறை எவரும் விரும்பித் தேர்ந்த பயணமல்ல அது; ஊர் எரிய ஓடும் மக்களுள் ஒருவராக அவரும் ஓடினார். 1946ஆம் ஆண்டிலேயே ஐரோப்பா திரும்ப முடிந்தது.

ஐயமும் சான்றும்

அவர் இறந்தபின், 1972ஆம் ஆண்டில், லாசாப் பயணம் முழுவதும் பொய் என வாதிட்டு ஒரு நூல் வெளிவந்தது. பெண்ணொருத்தி, அதுவும் அவ்வயதில், அப்பயணத்தைச் செய்திருக்க முடியாது என்னும் எண்ணம் இலகுவில் மறைவதில்லை. ஆனால் கியாஞ்சேயில் அவர்கள் வந்து சேர்ந்ததை மக்டொனால்ட் தமது நூலிற் பதிந்துள்ளார். பொட்டாலாவைப் பின்னணியாகக் கொண்ட ஒளிப்படமும் உண்டு. கணவருக்கு எழுதிய கடிதங்களும் பின்னர் அச்சேறின. அவர் விவரித்த யோக அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம்; நடந்த பாதங்களை மறுப்பதற்கில்லை.

மறக்கப்பட்ட மகன்

யொங்டெனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் இடந்தரவில்லை. வீடுதோறும் பேசி உணவு பெற்றவன் அவனே. சோதிடம் சொன்னதும், விசாரித்த அதிகாரிகளுக்கு விடை கூறியதும் அவனே. அவனில்லாமல் அலெக்சாந்திரா லாசாவின் வாயிலைக் கண்டிருக்க மாட்டார். அவர் அதனை மறைத்ததுமில்லை. பணியாளனாய் வந்தவனைச் சட்டப்படி மகனாக ஏற்றுக்கொண்டு பிரான்சுக்கு அழைத்து வந்தார். சில நூல்களில் அவன் பெயரும் ஆசிரியராக இடம்பெற்றது. ஆயினும் சிக்கிமின் மலைகளைப் பிரிந்து, மொழியும் உறவும் அற்ற ஒரு பிரெஞ்சுச் சிறுநகரில் அம்மனிதர் கழித்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க எம்மால் முடியும். உலகம் தாயின் பெயரைப் பாடிற்று. 1955ஆம் ஆண்டு, தாய்க்கு முன்னரே, டீஞ் நகரில் யொங்டென் காலமானார்.

அலெக்சாந்திரா 1969ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள், நூற்றொரு வயது நிறைய ஆறு வாரங்கள் இருக்கையில், கண்மூடினார். இறுதிப் பத்து ஆண்டுகள் அவரைப் பராமரித்த செயலாளர் மரி-மதலேன் பெரோனே, 1973ஆம் ஆண்டில் தாய், மகன் இருவரின் சாம்பலையும் காசிக்கு எடுத்துச் சென்று கங்கையிற் கரைத்தார். அவர் வாழ்ந்த வீடு பின்னர் அருங்காட்சியகமாயிற்று.

நாம் எண்ணவேண்டியது

எல்லை கடத்தல் எமக்குப் புதிதன்று. பெயர் மாற்றி, கோலம் மாற்றி, இரவில் காடும் பனியும் கடந்து வந்தோர் எம்மிடையே ஏராளம். அவர்களில் பெண்களும் பலர். கைக்குழந்தையுடன் வந்தோரும் உளர். அலெக்சாந்திராவுக்கும் அவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பிடிபட்டாலும் அவரை ஏற்க ஒரு நாடு இருந்தது. பணம் அனுப்ப ஒரு கணவர் இருந்தார். எம் தாய்மாருக்கு அவ்விரண்டும் உறுதியாயிருக்கவில்லை. அவருடைய நடை தேர்ந்துகொண்ட நடை. எம்முடையது துரத்தப்பட்ட நடை. அவர் நடையை உலகம் வீரம் என்றது. எம்மவர் நடையைச் சட்டமீறல் என்று கோவைகளில் எழுதிக்கொண்டது.

அவ்வேறுபாட்டை மறவாமலே அவரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. மொழியைக் கற்காமல் எந்த நாட்டின் கதவும் திறவாது என்பதை அவர் நன்கறிந்தார். தலாய் லாமாவின் ஒரு சொல்லை ஏற்று, நாற்பது வயது கடந்தபின் திபெத்திய மொழியின் முதலெழுத்திலிருந்து தொடங்கினார். பத்தாண்டுகள் கழிந்தபோது அந்த மொழியே அவருக்குக் கடவுச்சீட்டாயிற்று. இந்நாடுகளுக்கு வந்து, 'இனி எங்களுக்கு என்ன படிப்பு' எனச் சமையலறையில் ஒதுங்கிக்கொள்ளும் எம் பெண்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களை அவ்வாறு ஒதுங்கவிட்டு, கடிதம் வந்தாலும் மருத்துவரிடம் சென்றாலும் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கும் ஆண்களும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எம் வீடுகளில் வளரும் பெண் பிள்ளைகளுள் எவளேனும் உலகப்படத்தை விரித்துவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளை அதட்டி எழுப்புவதற்கு முன், எந்த ஊரைப் பார்க்கிறாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.